மழை என்று சொன்னால் போதும்

எட்டு வழிகள். மடித்த வழவழப்புத் தாளின் முகப்பில் மஞ்சள் சேலை உடுத்திய ஒருத்தி சூரியனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலை, அந்த மலையின் மேல் ஒரு துண்டு மேகம்கூடக் கிடையாது. வரைந்தவன் மலையில் இருந்ததில்லை. கோடை முடியும்போது வரும் மனத்தளர்வு, உங்களை நீங்களே பேணிக்கொள்ள எட்டு எளிய வழிகள் என்று தலைப்பு. எளிய என்ற சொல்லைத்தான் இவர்கள் எப்போதும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பேருந்து இன்னும் அடிவாரத்தில் நிற்கிறது. ஓட்டுநர் கடையில் வடை தின்கிறார். சனிக்கிழமை நண்பகல் வெயிலில் சன்னல் கம்பி கையைச் சுடுகிறது. நிமிர்ந்தால் மேலே, நான் போகவேண்டிய இடத்தில், மலையின் தோள்மீது சாம்பல் நிறத்தில் ஒன்று குந்தியிருக்கிறது. நேற்று அது அங்கே இல்லை என்று தங்கை சாதித்தாள். நேற்றும் இருந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்தே அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அது வருவதும் வராததும் ஒன்றுதான். நாளை மறுநாள் கல்லூரி திறக்கிறது. நெடுமேட்டுக் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவி, முனைவர் மங்கையர்க்கரசி, நாற்பத்தொன்பது வயது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஒரு தகரக்கூரை வீட்டில் தனியாக இருப்பவள், மழைக்குப் பயப்படுகிறாள். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். இடிக்குப் பயப்படுகிற குழந்தையின் பயமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். கோடை இறங்குகிற வாரத்தில் எனக்குள் ஏதோ ஒன்று மின்சாரம் நிற்பதுபோல நிற்கிறது; பிறகு ஆவணிவரை அது திரும்புவதில்லை; அந்த இரண்டரை மாதத்தில் நான் என்னென்ன செய்வேன், என்னென்ன செய்யாமல் இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. பொய். தெரியும். போன ஆண்டிலிருந்து தெரியும்.

பேருந்து உறுமிக் கிளம்புகிறது. முதல் வளைவின் மஞ்சள் பலகையில் 1/27. மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. என் மாணவிகளின் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. நான் பேசும்போது கணினியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். மாத்திரையையும் எழுதினாள், அதை ஒருநாளும் விடக்கூடாது என்று இரண்டு முறை சொன்னாள், நான் விடவும் மாட்டேன், அது கழுத்தளவு நீரை இடுப்பளவாக்குகிறது, இடுப்பளவில் ஒருத்தி நடக்கலாம். கிளம்பும்போது இந்தத் தாளைக் கொடுத்தாள். இதை மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள் மேடம், உங்கள்மேல் நீங்களே கொஞ்சம் அன்பாக இருங்கள் என்றாள். அன்பாக. என்மீது எனக்கு அன்பு குறைவு என்று யார் சொன்னது? என்னைப்போல் என்னைக் காப்பாற்றிக்கொண்டவள் அந்த மலையிலேயே கிடையாது. காலை வெயிலில் இருபது நிமிடம் நடங்கள், இது முதல் வழி. ஆடியில் நெடுமேட்டில் காலை என்பதே ஒரு வதந்தி. இயற்கையோடு நேரம் செலவிடுங்கள், இது இரண்டாவது. இயற்கை என்னோடு நேரம் செலவிடுகிறது, கணுக்காலில் அட்டையாக, சுவரில் பூஞ்சையாக, பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலையில் கரும்புள்ளியாக. மூன்றாவது, ஒரு கோப்பைத் தேநீருடன் சன்னலோரம் அமர்ந்து மழையை ரசியுங்கள். இதை எழுதியவருக்குத் தேயிலை கடையில் காய்க்கிறது.

நான்காவது வளைவில், வனத்துறைச் சோதனைச்சாவடியில், மூட்டைமுடிச்சுகளோடு பத்துப்பேர் ஏறினார்கள். ஒருத்தி சாக்கு ஒன்றைத் தோளிலிருந்து இறக்கி என் பக்கத்து இருக்கையில் தன்னையும் அதையும் சேர்த்துத் திணித்தாள். கருவாட்டு வாடை. ஐம்பது வயதிருக்கும், காதில் மெல்லிய வளையம், கழுத்தில் ஜெபமாலை. கையிலிருந்த ஒயர்கூடையை எங்கே வைப்பது என்று தேடிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்; யாரென்று தெரிந்ததும் நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“டீச்சர்தானே? நான் ஜெனிட்டா அம்மா, புஷ்பமரி. தேயிலைத் தோட்டத்துல, மேல்பிரிவு லைன் வீட்ல இருக்கோமே.”

“தெரியுதும்மா.”

“இத கொஞ்சம் மடில வச்சுக்கோங்க டீச்சர், தப்பா நினைக்காதீங்க. என் மடில சாக்கு இருக்கு. கீழ வச்சா எவனாவது வாந்தி எடுத்து நாசம் பண்ணிருவான்.” கூடை என் மடிக்கு வந்துவிட்டது. “எளைச்சுப் போயிட்டீங்க. தங்கச்சி வீட்ல சோறு போடலியா?”

“போட்டாங்க. நான்தான் தின்னல.”

“நல்ல கதை. எனக்கெல்லாம் யாராவது போட்டா எலையையும் சேத்துத் தின்னுருவேன்.”

அவள் சிரித்தாள். கூடையில் மெழுகுத்திரிக் கட்டு, உப்புப் பொட்டலம், மூக்குப்பொடி, மடித்த நீலப் பாலிதீன் தாள். எல்லாம் மழைக்கு என்று அவளே சொன்னாள், மூக்குப்பொடியும் உப்பும் அட்டைக்கு, பாலிதீன் இலை கிள்ளும்போது தலையிலிருந்து முழங்கால்வரை சுற்றிக்கொள்ள. கூடையின் கனம் என் தொடையில் அழுந்துகிறது. பெரிய கனமில்லை. இறக்கி வைக்க இடமில்லாத கனம். ஒன்பதாம் வளைவில் வழக்கம்போல யாரோ எலுமிச்சம்பழத்தைக் கீறினார்கள்; அந்த வாசனையோடு சேர்ந்து போன ஆண்டு ஆடி மாதம் அப்படியே என்மீது கவிழ்கிறது, எதற்கு எலுமிச்சை என்று கேட்டால், மேசையில் அன்று ஒரு அரைமூடி எலுமிச்சம்பழம் இருந்தது, அதற்கு மூன்றாம் நாள் பச்சையாகவும் ஐந்தாம் நாள் சாம்பலாகவும் மயிர் முளைத்தது, அதை நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சைக்கு அந்தப்பக்கம் பழுப்பு உறை. உறைக்குள் ஏழு விண்ணப்பங்கள். இறுதியாண்டில் ஒரே ஒரு தாளில் தவறியவர்கள் நவம்பர்வரை காத்திராமல் எழுதிவிடுகிற உடனடித் தேர்வு. துறைத்தலைவர் கையொப்பமிட்ட அசல் வந்தால்தான் ஆயிற்று என்கிற பல்கலைக்கழகம். வியாழக்கிழமை மாலைத் தபாலே கடைசித் தபால். கையொப்பம் இட்டிருந்தேன். உறையை ஒட்டியிருந்தேன். முகவரியை முத்துமுத்தாக எழுதியிருந்தேன். தபால் நிலையம் என் வாசலிலிருந்து இருநூறு அடி. திங்கட்கிழமை படுத்தேன். செவ்வாய் எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அழுகைகூட இல்லை. அழுதிருந்தால் எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். தகரத்தின்மேல் மழை இரவும் பகலும் ஒரே சீராகப் பெய்தது, சீராகப் பெய்கிற எதையும் எதிர்த்து எழ முடியாது, விட்டு விட்டுப் பெய்தால் இடையில் எழலாம். வியாழன் பிற்பகல் மழைக்குள் இன்னொரு ஓசை கேட்டது. டக் டக் என்று. நிறுத்தி, மறுபடி டக் டக். தகரத்தின் ஆணி தளர்ந்திருக்கும், மழை தட்டுகிறது என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்பது சரியான சொல். போர்வையை இழுத்துக் காதை மூடினேனே, ஆணிக்கா மூடுவார்கள்?

“அது என்ன தாளு டீச்சர், கலியாணப் பத்திரிகையா?”

“டாக்டர் குடுத்தது. மழைக்காலத்துல மனசு சோர்ந்து போகாம இருக்க.”

“அதுக்கெல்லாமா தாளு இருக்கு? வாசிங்களேன், நானும் கேக்குறேன்.”

வாசித்தேன். எனக்கு இருபதாண்டுக்கு மேல் பழகிய வாசிப்புக் குரல் இருக்கிறது, எதை வாசித்தாலும் அது உண்மைபோல ஒலிக்கும். தேநீரும் சன்னலும் வந்த இடத்தில் அவள் முன்னிருக்கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

“எல்லாரும் டீயக் குடிச்சிட்டுச் சன்னல்ல உக்காந்துட்டா எலய எவ கிள்ளுறது? அந்த மஞ்சச் சேலக்காரியா?”

நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் முதல் முறை. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது வழி, உள்ளே அடைத்து வைத்திருப்பதை நெருங்கிய ஒருவரிடம் மனம் திறந்து சொல்லிவிடுங்கள். அதை வாசிக்கும்போது குரல் கொஞ்சம் இடறியது. அவள் கவனிக்கவில்லை.

“அது சரிதான். அடச்சு வச்சா புளிச்சுப் போயிரும். மீதியெல்லாம் சும்மா.”

பதிமூன்றாம் வளைவில் வெயில் முடிந்தது. எப்போதும் அங்கேதான் முடிகிறது. வளைவின் இந்தப்பக்கம் பாறையில் மஞ்சள், அந்தப்பக்கம் பாறையில் ஈரம். சன்னல் வழியாக வந்த குளிர் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டது, தொட்ட உடனே உடம்பு தன் பழைய வேலையைத் தொடங்கியது, நாக்கின் அடியில் இரும்புச் சுவை, விரல்நுனிகள் யாருடையவோபோல. மாத்திரை போட்டிருக்கிறேன். காலையில் போட்டேன். தங்கை எதிரில் நின்று பார்த்தாள், வாயைத் திறந்து காட்டச் சொல்லாத குறை. இரண்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு இங்கேயே இரேன் அக்கா, இல்லாவிட்டால் மாற்றல் கேள், கீழே எத்தனை கல்லூரி இருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஆண்டும் மாற்றல் விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறேன், ஒவ்வொரு ஆண்டும் தேதி போய்விடுகிறது. ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. கீழே வந்துவிட்டால் நான் எதைச் சொல்வேன்? மேலே ஒரு வழக்கம் இருக்கிறது, கீழே இருப்பவர்களுக்கு அது தெரியாது. மலையில் யார் எதற்கு வராவிட்டாலும், எது எப்படிக் கெட்டாலும், மழை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கேள்வி அங்கேயே நின்றுவிடும். ஏன் கலியாணத்துக்கு வரவில்லை, மழை. ஏன் கூரை மாற்றவில்லை, மழை. பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவில்லை, அதற்கும் மழை, அதற்கும் தலையசைப்பு. அதற்குமேல் கேட்பது அங்கே அநாகரிகம். ஆறு மாதம் மழைக்குக் கீழே வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற தயவு அது. அந்தத் தயவில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பத்தாம் நாள் கல்லூரி ஆள் வந்து கதவைத் தட்டி, சனிக்கிழமை மண் சரிஞ்சு ரோடே போயிருச்சு மேடம், நாலு நாளா தபால் இல்ல, நம்ம உறை போகலியாமே என்றபோது, நான் பொய்யைத் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. தட்டில் வைத்து நீட்டினார். ஆமாம், அதனால்தான் என்றேன். வியாழனுக்குப் பிறகுதான் சனி வருகிறது என்பதை வரலாறு கற்பிக்கிற நான் சொன்னேன். முதல்வருக்கு நிம்மதி. இயற்கைச் சீற்றம்னு எழுதிடுவோம் மேடம் என்றார். ஆறு பிள்ளைகள் நவம்பரில் எழுதித் தேறினார்கள். ஏழாவது பிள்ளைக்குக் கீழே கன்னியர் நடத்துகிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இடம் நவம்பர்வரை காத்திருக்காது.

“ஜெனிட்டா எப்படி இருக்கா?”

கேட்டுவிட்டேன். கேட்காமலே இருபத்தேழு வளைவும் ஏறியிருக்கலாம்.

“மில்லுலதான் டீச்சர். ஹாஸ்டல்லயே இருக்கா. இன்னைக்கு ராத்திரி வர்றா, நாளைக்கு ஒரு நாளு லீவு.” கழுத்து ஜெபமாலையை விரலால் உருட்டினாள். “நவம்பர்ல எழுதச் சொன்னேன். அவ போகல. இனிமே படிப்பு வேணாம்ங்குறா. மொதல்ல வீம்புக்குச் சொல்லுறான்னு நெனச்சேன். இல்ல. நெசமாவே வேணாமாம். பொஸ்தகத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டா.”

“கோபமா இருக்காளா?”

“யாரு மேல கோவப்படுறது? மண்ணு சரிஞ்சுது. ரோடு போச்சு. மழை.” உதட்டைப் பிதுக்கினாள். “நீங்க அவளுக்காக எம்புட்டு அலைஞ்சீங்கன்னு பிரின்சிபால் சார் சொன்னாரு. மாதா கோயில்ல பெரிய நாளுக்கு உங்க பேருக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்துனேன்.”

மடியில் மெழுகுத்திரிக் கட்டு. என் பெயருக்கு ஒன்று. எந்தப் பெயருக்கு? அலைந்த மங்கையர்க்கரசிக்கு, சரிந்த மண்ணைத் தாண்டித் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு, இல்லாத ஒருத்திக்கு. கோவிலில் அது உருகி முடிந்திருக்கும். இவள் மாதாவின் முன்னால் கண்ணை மூடி என் பெயரைச் சொல்லியிருப்பாள், டீச்சருக்கு நல்ல சுகம் குடு என்றிருப்பாள். பதினெட்டா, பத்தொன்பதா, பலகை பனிமூட்டத்தில் தெரியவில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கல்லூரிக்குப் போகும், முதல்வர் எழுதிய அறிக்கை பொய்யாகும், விசாரணை வரும். அதுகூட இல்லை, அதெல்லாம் கோப்புகள், கோப்புகளை எனக்குக் கையாளத் தெரியும். மேல்பிரிவு லைன் வீடுகளில் என் பெயர் வேறாகும். கடைத்தெருவில் வணக்கம் டீச்சர் நின்றுபோகும். மழையில் ஒதுங்க இருந்த ஒரே கூரையை நானே பிரிப்பதாகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயங்கரம்; ஒன்றும் ஆகாமலே இந்த ஆண்டும் படுப்பேன், வேறொரு உறை மேசையில் இருக்கும், வேறொரு பிள்ளை, மறுபடி மழை. என்மீது நான் அன்பாக இருப்பேன். ஐந்தாவது வழி நெருங்கியவர் ஒருவரிடம் என்கிறது. இவள் நெருங்கித்தான் உட்கார்ந்திருக்கிறாள், சாக்கு என் விலாவில் குத்துகிறது. இல்லை, அந்தத் தாளுக்காகச் சொல்லக்கூடாது. என் பாரம் குறைவதற்காகச் சொல்லி அதை இவள் மடியில் கொட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினால் அது இரண்டாவது திருட்டு. அப்படியானால் எதற்காக? அந்தப் பிள்ளை மழையை நம்பிக்கொண்டிருக்கிறாள். மழையிடம் யாரும் வழக்காட முடியாது, அதனால்தான் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். ஒரு மனுஷி செய்தாள் என்று தெரிந்தால் கோபமாவது வரும்.

மேலிருந்து மரம் ஏற்றிய லாரி இறங்கியது. எங்கள் பேருந்து பின்வாங்கி ஓரம் கட்டி நின்றது. எஞ்சின் அணைந்த அமைதியில் எல்லோரும் மூச்சுவிடுவது கேட்டது.

“ரோடு போனது சனிக்கிழமை” என்றேன். “கவர் வியாழக்கிழமையே போயிருக்கணும்.”

“ம்?”

“என் மேசை மேலதான் இருந்துச்சு. நான் படுத்திருந்தேன்.”

“காய்ச்சலா டீச்சர்?”

“இல்ல. எந்திரிக்க முடியல. ஒம்பது நாள்.”

“மழை நேரம் அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரும்...”

“மழை இல்லம்மா.” என் வாசிப்புக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. “எனக்கு நோய் இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்புடுறேன், அது வேற. கவரைப் போடாதது நான். யாருகிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாம், அதையும் செய்யல. அப்புறம் மண் சரிஞ்சதுனு பொய் சொன்னதும் நான். அப்ப நான் எந்திரிச்சு உக்காந்துதான் இருந்தேன்.”

லாரி போயிற்று. பேருந்து மறுபடி உறுமியது. புஷ்பமரி என்னைப் பார்க்கவில்லை. முன்னிருக்கையின் கம்பியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் மடியிலிருந்து ஒயர்கூடையை எடுத்துச் சாக்கின்மேல் வைத்துக்கொண்டாள். சாக்கின்மேல் அது நிற்கவில்லை, சரிந்தது. ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று வளைவுகள் அப்படியே போயின. தொடையில் கூடையின் அடிப்பாகம் பதிந்த இடம் குளிர்ந்தது. பாரம் குறையவில்லை. எந்த மருத்துவரும் எதையாவது எழுதிக்கொள்ளட்டும், குறையவில்லை.

“ஒம்பது நாளும் யாரு சோறு குடுத்தா?” கம்பியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“யாரும் இல்ல.”

“எம்மவ அந்த வியாழக்கிழம உங்க வீட்டுக்கு வந்தா. ஃபாரம் போயிருச்சான்னு கேக்க. மூணு மைல் நனைஞ்சுக்கிட்டு. ரெண்டு தடவ கதவத் தட்டிருக்கா. டீச்சர் ஊருக்குப் போயிட்டாங்க போல, போறதுக்கு முன்னாடி போட்ருப்பாங்கன்னு வந்து சொன்னா.” இப்போது திரும்பி என்னைப் பார்த்தாள். “கேக்கலியா உங்களுக்கு?”

தகரம், ஆணி, போர்வை. இதற்கும் ஒரு சொல் தயாராக இருந்தது, நாக்கின் அடியில், இரும்புச் சுவைக்குப் பக்கத்தில்.

“கேட்டுச்சு” என்றேன்.

அவள் மறுபடி கம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நடத்துநர் மேல்பிரிவு, மேல்பிரிவு இறங்கு என்று கத்தினார். அவள் எழுந்தாள், சாக்கைத் தோளில் ஏற்றினாள், கூடையிலிருந்து நீலப் பாலிதீனை உருவித் தலையில் போட்டாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

“நாளைக்குப் பூசை முடிஞ்சு பத்து மணிக்கு வீட்ல இருப்பா. நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்.”

“வர்றேன்.”

“பொஸ்தகத்த வச்சிக்கிட்டு வந்து படி கிடின்னு ஆரம்பிக்கக்கூடாது. இத மட்டும் சொல்லணும். அவ என்ன கேட்டாலும் நின்னு கேட்டுக்கணும்.”

“சரிம்மா.”

படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். டீச்சர் என்ற சொல் அவள் வாயில் இல்லை.

“மழை பெஞ்சாலும் வரணும்.”

பேருந்து கிளம்பியது. நீலப் பாலிதீன் தேயிலைக்குள் இறங்கிப் பனிமூட்டத்தில் கரைந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு. நாளை பத்து மணி. அதற்கு எட்டரைக்கு எழவேண்டும். எட்டரைக்கு எழ, இன்றிரவு கதவை உள்ளே தாழிடாமல் படுக்கவேண்டும், எதிர்வீட்டுக்காரியிடம் வந்து எழுப்பச் சொல்லவேண்டும், கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். அட்டைக்கு உப்பு வாங்கவேண்டும். மூன்று மைல், அந்தப் பிள்ளை நனைந்துகொண்டு நடந்த அதே மூன்று மைல். மஞ்சள் சேலைக்காரி கையில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இருக்கையின் இடுக்கில் செருகிவிட்டேன். கடைசி வளைவில் பேருந்து சாய்ந்து திரும்பியபோது தலைக்குமேல் தகரத்தில் டக் டக் என்று தட்டியது. பேருந்தே பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. இது மழைதான்.